மச்சான் அறுத்த வண்டி

நான்கு கதவுகளும் கழற்றப்பட்ட ஒரு பழைய ஸ்டேஷன் வேகன், மதுரை பழங்காநத்தம் பக்கம் ஒரு பட்டறையில், மரக்கட்டைகள்மேல் நிற்கிறது. முன் கதவுக்கும் பின் கதவுக்கும் இடையில் கூரையைத் தாங்கும் அதன் நடுத்தூணில், இரும்பு அறுக்கும் ஆக்ஸா பிளேடை வைத்துக்கொண்டு என் மச்சான் நிற்கிறார். சட்டையில்லை, பனியன் மட்டும். மணி பத்தாகப் போகிறது, ஆனி மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை. மச்சானை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் வருவது இந்தக் காட்சிதான். அவருடைய கல்யாணக் கோலம்கூட இரண்டாவதாகத்தான் வரும்.

மச்சான் என்றால் என் அக்காவின் கணவர். சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தார். எழுபதுகளின் கடைசியில், யாரோ ஒரு எஸ்டேட்காரர் கழித்துப்போட்ட அந்த வேகனை வாங்கிவந்து வாசலில் நிறுத்தினார். முன்னால் ஒரு நீள சீட், நடுவில் ஒரு சீட், அதற்குப் பின்னால் மாட்டு வண்டி அளவுக்கு இடம். காலையில் வெற்றிலைக் கூடைகளை ஏற்றிக்கொண்டு மதுரை மார்க்கெட்டுக்குப் போகும். முகூர்த்த நாளில் அதே வண்டி கழுவிப் பொட்டு வைத்துக் கல்யாணத்துக்குப் போகும். அக்காவுக்கு வண்டியைப் பார்த்த நாளிலிருந்தே ஆகாது. “ஊரான் தூக்கிப் போட்ட ஓட்டையத் தூக்கிட்டு வந்திருக்காரு பாரு” என்று என்னிடம் முகத்தைச் சுளித்தாள். மச்சான் சிரித்துக்கொண்டே அதைத் துடைத்துக்கொண்டிருந்தார். தன் மகளைக்கூட அவர் அவ்வளவு பதமாகத் துடைத்துவிட்டு நான் பார்த்ததில்லை.

அந்த மகளுக்கு மூன்று வயதில் மொட்டை போட்டுக் காது குத்தினோம். உசிலம்பட்டிப் பக்கம் அவர்கள் குலசாமி கோயில். தாய்மாமன் நான், ஒரே தாய்மாமன். என் மடியில் வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். சீர்த் தட்டு, புது வேட்டி, சந்தனம் என்று அன்றைக்கு எனக்கிருந்த பவிசைக் கேட்கவே வேண்டாம். சொந்தக்காரர்கள் லாரியில் முன்னால் போய்விட்டார்கள். திரும்பும்போது வேகனில் முன் சீட்டில் மச்சானும் அக்காவும் எங்கள் அம்மாவும், நடு சீட்டில் நானும் பாப்பாவும் மீந்துபோன சீர்த் தட்டுகளும்.

வழியில் ஒரு ரயில்வே கேட் மூடியிருந்தது. நான் இடது பக்கக் கதவைத் திறந்து இறங்கி வெள்ளரிப்பிஞ்சு வாங்கினேன். காசு கொடுத்துத் திரும்புவதற்குள் ரயில் போய்க் கேட்டும் திறந்துவிட்டது. பின்னால் ஒரு பஸ்காரன் ஹாரனில் கை வைத்தவன் எடுக்கவில்லை. ஒரு கையில் இலைப் பொட்டலத்தோடு தாவி ஏறி, மறு கையால் கதவை இழுத்தேன். வேட்டி நுனி கதவில் மாட்டிக்கொண்டது. கதவைத் திறக்காமலே வெடுக்கென்று இழுத்தேன், வந்துவிட்டது. இறுகச் சாத்திய கதவில் மாட்டிய துணி அப்படி லேசில் வராது. இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை. தூரத்தில் போய்க்கொண்டிருந்த ரயிலைப் பார்க்கப் பாப்பா எழுந்து கதவில் சாய்ந்தாள். நான் வெள்ளரிப்பிஞ்சுக்கு மிளகாய்ப்பொடி தடவிக்கொண்டிருந்தேன். வண்டி வலது பக்கம் வளைந்தது. கதவு திறந்தது. என் பக்கத்தில் பாப்பா இல்லை.

சந்தனம் பூசிய அந்த மொட்டைத் தலையில் சரளைக் கல் ஒட்டியிருந்தது. அதற்குமேல் இன்றைக்கும் என்னால் எழுத முடியவில்லை. பிழைத்துக்கொண்டாள். இடது முழங்கை மட்டும் உடைந்து, கூடி, மறுபடி நேராக நீளவே இல்லை. அந்தக் கதவைச் சரியாகச் சாத்தாதவன் நான். இதை இப்போது ஒரே வரியில் எழுதிவிட்டேன். சொல்வதற்கு நாற்பது வருஷத்துக்கு மேல் ஆனது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா தலையில் அடித்துக்கொண்டு, “எப்படிங்க கதவு தொறந்துச்சு? எப்படித் தொறந்துச்சு?” என்று கேட்டாள். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் மச்சான், “பூட்டு பிடிக்கலத்தா. பழைய பூட்டு, தேஞ்சு போச்சு” என்றார். என் வாய் மூடிக்கொண்டது. பயந்து மூடியது என்றால் அது பாதி உண்மைதான். அப்பாடா என்றும் இருந்தது. அந்த அப்பாடாவுக்காக என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

அக்கா சோழவந்தானுக்குப் போகவில்லை. கையில் மாவுக்கட்டோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆனையூரில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். மச்சான் வாரத்துக்கு இரண்டு முறை வந்து, வாசலில் உட்கார்ந்து, அம்மா கொடுக்கும் காப்பியைக் குடித்துவிட்டுப் போவார். அக்கா அறையை விட்டு வெளியே வரமாட்டாள். ஒரு நாள் கதவுக்குப் பின்னாலிருந்து அவள் குரல் மட்டும் வந்தது. “அந்தக் கதவு அந்த வண்டியில இருக்குற வரைக்கும் நானும் வரமாட்டேன், எம்பிள்ளையும் வராது. அம்புட்டுத்தான்.” வண்டியை விற்றுத் தொலை என்பதைத்தான் அவள் அப்படிச் சொன்னாள். ஆனால் வெற்றிலைக்கு அந்த வண்டியை விட்டால் வேறு வழியில்லை. அதை வாங்கவும் ஆள் இல்லை. மச்சான் டம்ளரைக் கீழே வைத்தார். “அந்தக் கதவுதான? எடுத்துருவோம்” என்றார்.

எனக்குச் சனி ஞாயிறு மட்டும்தான் ஆபீஸ் லீவு. மச்சானுக்காக மற்ற நாளிலும் லீவு போட்டு அவரோடு பட்டறைக்குப் போனேன். குற்றம் செய்தவனுக்கு உதவி செய்யத் தோன்றும் வேகம் இருக்கிறதே, அது பெரிய வேகம். பட்டறை, வண்டித் தகடு வேலை செய்யும் ஒரு டிங்கர் பாயுடையது. எல்லோரும் அவரை பாய் என்றே கூப்பிடுவார்கள். மதுரையில் லாரிக்குக் கூண்டு கட்டுவதில் பெயர் எடுத்தவர். அவர் வண்டியைச் சுற்றி வந்து, “பின் கதவு ரெண்டையும் வெல்டு வெச்சு அடைச்சுட்டாப் போச்சு. இதுக்கு என்னத்துக்குண்ணே இம்புட்டு யோசனை?” என்றார். மச்சான் ஒத்துக்கொள்ளவில்லை. அடைத்தால் கோடு தெரியும். கதவு இருந்த இடம் தெரிந்தால் அக்காவுக்கு அதுவும் கதவுதான். நடு சீட்டுக்கு ஏற முன் கதவு போதாது, அகலமாக வேண்டும். கடைசியில் பாய் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் படம் போட்டார். நடுத்தூணை இருபுறமும் அறுத்தெடுத்து ஒரு அடி பின்னால் தள்ளி நட வேண்டும். பின் கதவுகளிலிருந்து ஒரு அடி வெட்டி முன் கதவுகளோடு சேர்க்க வேண்டும். மிச்ச இடத்துக்குத் தகடு. முன் சீட்டு மடிய வேண்டும். “நாலு கதவு ரெண்டாயிரும். ஆனா நாள் பிடிக்கும்” என்றார்.

நாள்தான் இல்லை. ஆடி பிறக்க நான்கே நாள் இருந்தது. ஆடியில் எங்கள் ஆட்கள் ஒரு வேலையும் தொடங்கமாட்டார்கள். ஆனியிலேயே தொடங்கிவிட்டால் ஆடியில் தொடரலாம், அதில் தோஷமில்லை. மச்சான் ஜோசியரிடம் போய்க் கேட்டு வந்தார். வெள்ளிக்கிழமை ஒன்பதே காலிலிருந்து பத்தே கால் வரை நல்ல நேரம், பத்தரைக்கு ராகு காலம். பிரிந்த குடும்பம் சேர்வதற்காகச் செய்கிற காரியம் என்றதும் அந்த ஜோசியர் கூடுதலாக ஒன்றும் சொல்லியிருக்கிறார்: அறுக்கத் தொடங்கினால் பாதியில் நிறுத்தக் கூடாது.

அந்த வெள்ளிக்கிழமைக்குத்தான் வருகிறேன். வியாழனே கதவுகளைக் கழற்றி, சக்கரங்களை எடுத்து, முன்னும் பின்னும் கட்டை கொடுத்து வைத்திருந்தார்கள். தூணை அறுப்பதற்கு முன் வண்டிக்குள் குறுக்கும் நெடுக்குமாக இரும்பு ஆங்கிள்களை வெல்டு வைத்து முட்டுக் கொடுக்க வேண்டும். அந்த வண்டிக்கு லாரியைப்போல அடியில் தனிச் சட்டம் கிடையாது, கூடுதான் எல்லாவற்றையும் தாங்குகிறது. முட்டு இல்லாமல் தூணை எடுத்தால் நடு உட்கார்ந்துவிடும். பாய் இதைப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் இரண்டு முறை சொல்லியிருந்தார். ஆனால் அன்று காலை ஏழு மணிக்கே கரண்ட் போய்விட்டது. காஸ் வெல்டிங்குக்குச் சிலிண்டர் தீர்ந்து, புதுச் சிலிண்டருக்குச் சொல்லி அனுப்பியும் வரவில்லை. மச்சான் நிமிஷத்துக்கு ஒரு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பதரை ஆயிற்று, ஒன்பதே முக்கால் ஆயிற்று.

சும்மா இருக்கப் பிடிக்காமல் பாய் அந்த இடது பின் கதவை எடுத்து மடியில் சாய்த்து, பூட்டைத் திறந்து வெளியே எடுத்தார்.  அவர் ஒரு ஸ்க்ரூ டிரைவரைக் கொக்கிக்குள் விட்டு அழுத்தினார். ‘டக்’ என்றது. இன்னொரு முறை அழுத்தினார். மறுபடி ‘டக்’. விடுவித்தார், மறுபடி அழுத்தினார். எத்தனை முறை அழுத்தினாலும் அதே இரண்டு சத்தம்.

“என்னண்ணே, பூட்டு தேஞ்சு போச்சுன்னீங்க? இது கல்லு மாதிரி இருக்கே” என்றார். “பாதி சாத்துனா ஒரு கொக்கி, இறுகச் சாத்துனா ரெண்டாவது. ரெண்டும் பிடிக்குது. மொதக் கொக்கிலேயே நின்னிருக்கும். சரியா இழுத்துச் சாத்தலை. அன்னைக்கு யாரு சாத்துனது?”

கேள்வி மச்சானிடம்தான். ஆனால் பாய் கேட்டுக்கொண்டே நிமிர்ந்து என்னையும் பார்த்தார். பட்டறையில் எங்கோ தகரம் தட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது காதுக்குள் தட்டுவதுபோல் இருந்தது. மச்சான் என்னைப் பார்க்கவில்லை. பூட்டைப் பார்த்தார். சட்டையைக் கழற்றி ஸ்டூலின்மேல் போட்டார். “நேரமாச்சு பாய்” என்று சொல்லிவிட்டு, சுவரில் தொங்கிய ஆக்ஸாவை எடுத்தார்.

“அண்ணே, முட்டு வெக்கலை.”

“தெரியும்.”

“சாஸ்திரத்துக்கு ஒரு கோடு போட்டுட்டு நிறுத்துங்க. கரண்ட் வரட்டும்.”

“பாதியில நிறுத்தக் கூடாதுன்னு ஜோசியன் சொல்லியிருக்கான்.” மச்சான் இழுக்கத் தொடங்கிவிட்டார். பாய் தடுக்கப் போனார். மச்சான் தோளால் அவரை ஒதுக்கிவிட்டார். மரியாதை தெரிந்த மனிதர், அதற்கு முன்னும் பின்னும் யாரையும் அப்படித் தள்ளியதை நான் பார்த்ததில்லை. இரும்புத் தூள் அவர் பாதத்தில் கொட்டியது. பாதி அறுந்ததும் பிளேடு இறுக ஆரம்பித்தது. மேலிருந்து கூரை அழுத்துகிறது என்று அதற்கு அர்த்தம். பாய், “யா அல்லா, விடுங்கண்ணே!” என்று கத்தினார். மச்சான் விடவில்லை. பத்து மணி பத்து நிமிஷத்துக்குத் தூண் அறுந்தது. உடனே வண்டிக்குள்ளிருந்து ஒரு முனகல் வந்தது. துருப்பிடித்த அடித்தகடு நடுவில் இறங்கியது. கூரை ஒரு விரற்கடை சாய்ந்தது. முன் கண்ணாடியில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு ஒரு விரிசல் நிதானமாக ஓடியது.

 பாய் ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கு அடியில் பாய்ந்தார். நானும் ஒன்றைத் தள்ளிக்கொண்டு போய்ப் படுத்தேன். எனக்கு எதிரே அடியில் மச்சான். முகமெல்லாம் வியர்வையும் இரும்புத் தூளும். வண்டி போச்சு, அக்காவும் போச்சு என்று நினைத்தேன். என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. “மச்சான், அன்னைக்கு அந்தக் கதவை…” என்று ஆரம்பித்தேன்.

“மாப்ள, ஜாக்கியப் பிடி” என்றார்.

பிடித்தேன். கால் சுற்று, கால் சுற்றாக அந்த வண்டியை மேலே தூக்க அன்று சாயங்காலமாகிவிட்டது. மூலைக்கு மூலை நூல் பிடித்துப் பாய் அளந்து அளந்து பார்த்தார். எங்களைத் திட்டியபடியேதான் அளந்தார். டீ குடிக்க வெளியே வந்தபோது மச்சான் தானாகவே சொன்னார். அவர் அதைப் பற்றி என்னிடம் பேசியது வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான். “தாய்மாமன் கையிலேர்ந்து பிள்ளை விழுந்துருச்சுன்னு உங்கக்காவுக்குத் தெரிஞ்சா உன்னைய வாசப்படி ஏறவிட மாட்டா. நாளைக்கு அது பெரிய மனுசியாகும், கல்யாணம்னு வரும், மாலை எடுத்துப் போட மாமன் வேணும்ல. பழியை வண்டி மேல போட்டா வண்டி தாங்கிக்கிரும். ஆளு மேல போட்டா உறவு தாங்காதுடா.” கிளாஸில் மிஞ்சிய டீயைக் கீழே ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அன்றைக்கு அவருக்கு ராகு காலம்தான் பயமா, பாயின் கேள்விதான் பயமா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். இரண்டும் இருந்திருக்கும். மனிதர் நல்ல நேரத்தை நம்பினார், அதில் பொய்யில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் வருவதற்குள் பட்டறையில் வேறு ஏதாவது பெரிதாக நடந்தாக வேண்டும் என்று அவர் கை நினைத்திருக்கிறது.

ஆடி முழுக்க வேலை நடந்தது. பாய் கோபத்தில்தான் நல்ல வேலை செய்வார்போலும். தூண் புது இடத்தில் நின்றது. முன் கதவுகள் நீண்டன. பின் கதவுகள் இருந்த இடத்தில் ஒட்டுத் தெரியாமல் தகடு வைத்து, பட்டி பூசித் தேய்த்து, ஒரே பச்சையாகப் பெயிண்ட் அடித்தார்கள். ஆர்.சி. புத்தகத்தில் மாற்றி எழுத பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்டப் போனோம். அவர் இரண்டு சுற்று சுற்றி வந்தார். “நல்லா இருந்த நாலு கதவு வண்டியை ரெண்டாக்கச் சொல்லி எவன்யா உனக்கு யோசனை சொன்னது?” என்றார். “வீட்டுல சார்” என்றார் மச்சான். இன்ஸ்பெக்டருக்கும் வீடு இருந்திருக்கும்போல, அதற்குமேல் கேட்கவில்லை.

ஆவணி பிறந்து முதல் முகூர்த்த நாளில் வண்டியை ஆனையூர் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினோம். அம்மா அக்காவைக் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தாள். அக்கா வண்டியைச் சுற்றி வந்தாள். இடது பக்கம், கதவு இருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்து நெடுகத் தடவினாள். மேடு பள்ளம் தேடுகிறாள் என்று தெரிந்தது. மச்சான் வேலைக்கு நேர்முகத் தேர்வுக்கு வந்தவர்போல நின்றுகொண்டிருந்தார். தடவி முடித்து, திரும்பி, அவரிடம் மட்டும் கேட்டாள். “பூட்டைப் பிரிச்சுப் பாத்தாகளா?”

“பாத்தாக.”

“என்னவாம்?”

நான் அங்கேதான் நின்றேன். பாப்பா என் இடுப்பில் இருந்தாள், மடங்கிய கையால் என் காதைப் பிடித்துக்கொண்டு. இதைவிட நல்ல சந்தர்ப்பம் எனக்கு வந்திருக்காது. மச்சான் என் பக்கம் திரும்பவே இல்லை. “கொக்கி தேஞ்சு போச்சாம். நாந்தான் வாங்கும்போதே பாத்திருக்கணும்” என்றார். அக்கா பிள்ளையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு முன் சீட்டில் ஏறினாள்.

குடும்பம் சேர்ந்தது. ஆனால் அக்கா வாய் ஓயவில்லை. பஸ்ஸில் கதவோரம் இடம் கிடைத்தாலும் சரி, பீரோக் கதவு திறந்து கிடந்தாலும் சரி, “உங்கப்பாவை நம்பிக் கதவை விடாத, எம்பிள்ளை கைய முடமாக்குன மனுசன்” என்பாள். பாப்பாவைப் பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம் அந்த முழங்கையைப் பார்த்துவிட்டுக் கிளம்பிப் போன அன்று, வந்திருந்த சொந்தங்கள் முன்னால் வைத்தே அவரை வாய்க்கு வந்தபடி பேசினாள். மச்சான் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் பந்திப்பாய் சுருட்டிக்கொண்டிருந்தேன். பிறகு அவளுக்கு நல்ல இடம் அமைந்தது, நான்தான் மாமனாக மாலை எடுத்துக் கொடுத்தேன். இப்போது கே.கே. நகரில் டீச்சராக இருக்கிறாள். வண்டி எப்போதோ பழைய இரும்புக்குப் போயிற்று. மச்சான் பெருந்தன்மையானவர், நான் அவருக்குக் கடன்பட்டவன், இப்படித்தான் இத்தனை காலமும் கணக்கு வைத்திருந்தேன்.

போன தையில் மச்சான் காலமானார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்கள் கலைந்த பிறகு, அக்கா கூடத்தில் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் எதிரே. அவள் என்னிடம் என்று இல்லாமல் சொன்னாள்: “அந்தக் கதவுக்காகக் கடைசி வரைக்கும் வஞ்சுக்கிட்டே இருந்துட்டேன். அவரு ஆஸ்பத்திரில கெடக்கும்போதுகூடச் சொல்லிக் காட்டுனேன். போனாப் போகுது விடுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லலையே.”

எனக்கு அறுபத்தெட்டு வயது. சொல்லிவிட்டேன். வேட்டி நுனியிலிருந்து பாய் கேட்ட கேள்வி வரைக்கும், ஒன்றும் விடவில்லை. அவள் அழுவாள், அல்லது என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. “அவருக்குத் தெரியுமா?” என்று கேட்டாள்.

“தெரியும்க்கா.”

“ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டீகளா?”

“அவரு ஒரே ஒரு தடவைதான்…”

“நல்லா இருக்குடா” என்றாள். “மச்சானும் மாப்ளையும் அம்புட்டு ஒத்துமை. நடுவுல நான் ஒருத்தி. நாப்பது வருசம் ஒண்ணும் செய்யாத மனுசனை நாக்குல போட்டு அறுத்திருக்கேன். பக்கத்துலயே உக்காந்திருந்தியேடா. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, போதும் நிறுத்துக்கான்னு சொன்னியா? வைய விட்டு ரெண்டு பேரும் பாத்துக்கிட்டு இருந்திருக்கீக.”

நான் எழுந்து போய் அவள் காலடியில் உட்கார்ந்தேன். “மன்னிச்சிருக்கா” என்றேன்.

“என்கிட்ட எதுக்குடா கேக்குற? பிள்ளை கிட்ட கேளு, அது மன்னிச்சிரும்” என்றாள். பிறகு மாலை போட்டிருந்த மச்சானின் போட்டோவைப் பார்த்தாள். “இப்ப நான் யார்கிட்டடா போய்க் கேக்குறது?”